குதிரையின் இரண்டாவது காது

1

என் செருப்பு அறுந்ததால் வந்த கதை இது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வெளியூர்ப் பயணம். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு கண்ணாடிப் பட்டறை பார்க்கப் போனேன். குறுக்கே கயிறு கட்டி எங்களை நிறுத்தினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் உலை, உலைக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஓர் ஆள். ஒரு பெண் நீளமான இரும்புக் கம்பியை உலைக்குள் விட்டு, உருகிய கண்ணாடியை அதன் நுனியில் சுற்றி எடுத்து வந்து அவரிடம் கொடுத்தாள். அவர் இடுக்கியால் இங்கே ஓர் இழுப்பு, அங்கே ஒரு கிள்ளு. கழுத்து, கால், வால். திறந்த வாயை நாங்கள் மூடுவதற்குள் ஒரு குதிரை நின்றது. கைதட்டினோம். அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். கூட்டம் விற்பனை அறைக்குப் போனது.

நான் அறுந்த செருப்பு வாரைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். அந்தப் பெண் குதிரையை இடுக்கியால் தூக்கி உடைசல் தொட்டிக்குள் போட்டாள். ணங் என்றது.

"ஏங்க! நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. ஆறப் போடலியே. விக்கிற சாமான்னா அதோ அந்த அடுப்புல வச்சு, விடிய விடிய மெதுவா ஆறவிடணும். இது வேடிக்கைக் குதிரை. நீங்க வீட்டுக்குக் கொண்டுபோனா வழியிலேயே படார்னு வெடிக்கும். அப்புறம் எங்களைத்தானே திட்டுவீங்க?" சிரித்தாள். "செருப்பும் போச்சா? மெல்லிசுக் கம்பி தரேன், கட்டிக்கோங்க."

நடந்தது இவ்வளவுதான். இதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான் கட்டியது. செருப்பைவிடக் கொஞ்சம் நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

2

எங்கே தொடங்குவது?

"தீயின் நாக்குகள் அவளுடைய முகத்தில்—"

(வேண்டாம். தீக்கு நாக்கு வைத்தவர்கள் ஏற்கெனவே ஏராளம்.)

"தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம்—"

(இதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தலைமுறை தலைமுறையாக என்று யாராவது ஆரம்பித்தால், அத்தனை தலைமுறையும் யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றுகொண்டிருந்தார் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரும்.)

"அவன் உட்கார்ந்திருந்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும்.

(முதல் பகுதியில் 'அவர்' என்றவர் இங்கே 'அவன்' ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். மரியாதையைக் கயிற்றுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தேன். கோபம்.)

3

அவன் அண்ணன், அவள் தங்கை. தனக்கு நாற்பது வயதாகியும் அவன் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டான். பாப்பாவின் முன்னங்கையில் உலை போட்ட சூட்டுத் தழும்புகள் பட்டறைக்கு வழிகாட்டும் வரைபடம்போல் இருந்தன.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். கம்பியில் சூடான கண்ணாடி இருக்கும்வரை அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். ஆகவே கம்பி கைமாறும்போது, வாங்குகிறவர் முதலில் பிடித்துத் தானும் சுழற்றத் தொடங்கி, "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கொடுக்கிறவர் விடலாம். சொல்வதற்கு முன்னால் விட்டால் சண்டை. சொன்ன பிறகும் விடாமல் பிடித்திருந்தால் அதைவிடப் பெரிய சண்டை.

பழக்கம் வீடு வரைக்கும் வந்திருந்தது. அண்ணி கைக்குழந்தையை நீட்டினால் இவள் "வாங்கிட்டேன்" என்று சொல்கிறவரை அண்ணி விடமாட்டாள். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரி சொல்லாமல் குழந்தையை வாங்கப்போக, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் குழந்தை வீறிட்டு, எல்லாரையும்விடச் சத்தமாகத் தன் பாஷையில் அதைச் சொல்லிவிட்டது.

காலையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். அண்ணன் பெஞ்சில் உட்காருவான். தங்கை கண்ணாடி எடுத்துக் கொடுப்பாள். மத்தியானம் கதவைச் சாத்திய பிறகு பெஞ்சில் தங்கை உட்காருவாள். விளக்குக் கூண்டு, கூஜா, பூச்சாடி, விற்பனை அறையில் இருப்பதெல்லாம் அப்போது பிறந்தவைதான். சாயங்காலம் கதவைத் திறந்து மறுபடி வேடிக்கை, மறுபடி அண்ணன்.

கூஜாவை வாங்குகிறவர்கள் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

4

முதல் வரைவில் அண்ணன் வெறும் அயோக்கியன். அவனுக்கு ஒரு கெட்ட சிரிப்பு கொடுத்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட வைத்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரையாவது அறையணும்னா நேர்ல போய் அறைஞ்சுட்டு வாயேண்டி. இதுக்கு எதுக்குக் கதை?"

"அம்மா, அவன் அவளோட இடத்துல உட்கார்ந்திருக்கான்."

"சரி. ஏன் எந்திரிக்க மாட்டேங்கிறான்?"

"திமிரு."

"திமிரு புடிச்சவன் மத்தியானமும் உட்காருவானே. மத்தியானம் மட்டும் ஏன் விட்டுக்குடுக்குறான்? அதை எழுதுனியா நீ?"

எழுதவில்லை. அந்த வரைவைத் தூக்கி உடைசல் தொட்டியில் போட்டேன். உருக்கினால் திரும்ப உதவும்.

5

ஆக, கண்.

வருஷக்கணக்காக உலையின் வெளிச்சத்தையே பார்த்த கண்ணில் புரை விழுந்திருந்தது.* கூஜாவின் விளிம்பு அவனுக்குத் தெரியவில்லை. குதிரை மட்டும் வந்தது. குதிரையைச் செய்யக் கண் வேண்டாம், கை போதும் என்கிற அளவுக்கு அதைச் செய்திருந்தான். கம்பியை அவனுடைய விரல் எதிர்பார்க்கிற இடத்தில், எதிர்பார்க்கிற சாய்வில் கொண்டுவந்து வைப்பது தங்கையின் வேலை. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. நான்தான் எழுதுகிறேன், ஆனாலும் தெரியவில்லை.

(* ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமே என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அதற்கு அவன் முதலில் "எனக்குத் தெரியல" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த வசனத்தைப் பலமுறை எழுதிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்கிறான்.)

அடுத்த தெருவில் இன்னொரு பட்டறை. அதன் முதலாளிக்குப் பெயர் மீசை. மீசையை மழித்து வெகுகாலம் ஆகிறது. பெயரைத்தான் யாராலும் மழிக்க முடியவில்லை. அவர் தங்கையை வழியில் நிறுத்திச் சொன்னார்:

"எங்க பட்டறையில பெஞ்சு உனக்கு. பகல்ல, சனம் பாக்க உட்காரு. இன்னிக்குச் சாயங்காலம் வேடிக்கை முடியறப்போ வரேன். ஆமா இல்லன்னு சொல்லிடு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்மா, கோவிச்சுக்காத."

அவள் போகலாம். போனால் நாளைக் காலையில் வேறு யாரோ கம்பியை நீட்டுவார்கள், அண்ணனின் கை காற்றைப் பிடிக்கும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஊரே பார்க்கும். போகாவிட்டால் கதவு சாத்திய மத்தியானங்கள் மட்டும்தான் அவளுக்கு, ஆயுசுக்கும்.

மத்தியானம் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, சாயங்காலம் வேடிக்கைக்கு நான் உட்காரட்டா?"

"எதுக்கு? கால் வலிக்குதா?"

"இல்ல. ஆசையா இருக்கு."

"கூட்டம் உன் மூஞ்சியையே பாக்கும் பாப்பா. உனக்குக் கூச்சமா இருக்கும்."

"கையைத்தானே பாப்பாங்க. உன் மூஞ்சிய யாரு பாக்குறா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் போகட்டும்டா" என்றான்.

[இந்த இடத்தில் அவள் மேசையைத் தட்டிக் கத்துவதாக எழுதியிருந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால், இடுக்கியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நிற்கிறாள். என் கோபத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் "வாங்கிட்டேன்" என்று சொல்லவே இல்லை.]

6

சாயங்காலம். கயிறு. கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு மீசை.

தங்கை கண்ணாடி எடுத்து வந்தாள். "வாங்கிட்டேன்" என்றான். விட்டாள். கழுத்து வந்தது. கால்கள் வந்தன. வால் வந்தது. ஒரு காதைக் கிள்ளி எடுத்தான்.

இரண்டாவது காதுக்குப் போன இடுக்கி காற்றைக் கடித்தது.

மறுபடி போனது. மறுபடி காற்று.

கூட்டத்தில் சிரிப்பு. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். தோளில் பை மாட்டிய ஒரு பயணி, "குதிரைக்கு ஒரு காது செவிடாம்!" என்றாள். (இந்தப் பயணியை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் யாராவது அப்படி ஒன்று சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள்.)

குதிரையின் சிவப்பு மங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இறுகிவிடும், பிறகு காது வராது. அவனுடைய இடது கையில் கம்பியின் சுழற்சி தடுமாறியது. அவன் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். சரியாகச் சொன்னால், தங்கை வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தான்.

அவள் அங்கே இல்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். கம்பியில் கை வைத்தாள். சுழற்றத் தொடங்கினாள். ஊர் பார்க்க, மீசை பார்க்க, சொன்னாள்:

"வாங்கிட்டேன்ணா."

7

முடிவுகள்.

அ) அவன் விடுகிறான், எழுந்திருக்கிறான். அவள் உட்கார்ந்து காதை இழுக்கிறாள். கைதட்டல். அம்மாவுக்கு இதுதான் பிடித்தது. இவ்வளவு அழகாக எழுந்து இடம் விடுகிற ஆணை நான் பார்த்ததில்லை என்றேன். "நான் மட்டும் பாத்திருக்கேனா? கதைதானே, எந்திரிக்க வையேன்" என்றாள்.

ஆ) அவன் விடவில்லை. இரண்டு கையும் இழுக்க, குதிரை முறுக்கிக்கொண்டு தரையில் விழுகிறது. அவள் மீசையோடு நடக்கிறாள். நான் முதலில் ஆசைப்பட்டது இதைத்தான், எழுதியும் பார்த்தேன். ஆனால் அவள் வாசலைத் தாண்டிய பிறகும் என் பேனா உள்ளேயே நின்றுவிட்டது. அவன், கலைந்து போகிற காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இ) இரண்டு பேரும் பிடித்தபடியே காது வந்துவிடுகிறது. யாருடைய காது என்று யாருக்கும் தெரியாது. குதிரை தொட்டிக்குப் போகிறது, மீசை வீட்டுக்குப் போகிறார், மறுநாள் காலை அவன் உட்கார்ந்திருக்கிறான், அவள் நின்றுகொண்டிருக்கிறாள். உலகத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அதனாலேயே இதை எழுத மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயம். அவள் அந்தச் சொல்லை அவனைக் காப்பாற்றவும் சொன்னாள், அவனிடமிருந்து பறிக்கவும் சொன்னாள். இரண்டில் ஒன்றை வெட்டு, கதை சுத்தமாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வெட்டினால் எனக்கு அவள் கிடைக்க மாட்டாள்.

அந்தக் குதிரை தொட்டிக்குப் போகுமா, மெதுவாக ஆறுகிற அடுப்புக்குப் போகுமா என்று கேட்பீர்கள். அடுப்புக்குப் போனால் அது வேடிக்கை இல்லை, சாமான். செய்தவர் யார் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இன்னும் காதே வரவில்லை. குதிரை கம்பி நுனியில் இருக்கிறது, சிவப்பு கொஞ்சம்தான் மிச்சம். இத்தனை நேரமும் நான் பேசிக்கொண்டே சுழற்றிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் கை வலிக்கிறது. இந்தாருங்கள். அவன் விடுகிறானா, அவள் உட்காருகிறாளா என்பது இனி உங்கள் கையில்.

சும்மா தலையை ஆட்டாதீர்கள். முதலில் பிடியுங்கள். சுழற்றுங்கள். அப்புறம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

சொல்கிறவரை நான் விடமாட்டேன்.