ஸ்டூலைத் தொடக் கையுறை

நவம்பர் 14, சனி. நேற்று எழுதியதில் ஒரு பிழை. அப்பாவின் முக்காலி என்று எழுதிவிட்டேன். அது நாலு கால் ஸ்டூல்.

மாலை வகுப்பு ஆசிரியை தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து சின்னவள் இப்படித்தான்; முந்தைய நாளின் தப்பைத் திருத்தாமல் புது வரி தொடங்கமாட்டாள். ஆனால் அந்த நாலு காலுக்காகத்தான் வீட்டில் அத்தனை ரகளையும். அப்பா செருப்பு தைப்பவர். அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் அவருக்குக் கை ஓடும். கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தனி வீடு போய்விட்ட அண்ணன் வந்து, பூங்காவில் புதிதாகத் திறந்த மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகத்துக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து அப்பா பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்காருகிறார். விளிம்பு தொடையை அறுக்கிறது. மதியத்துக்குமேல் எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"ஒரு தடவ வந்து பாருங்கப்பா. பாத்தா நீங்களே அங்கயே இருக்கட்டும்னுடுவீங்க" என்றான் அண்ணன்.

"பாக்க வரலடா. எடுக்க வரேன்." அப்பா ஒரு கோணிப்பையைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டார்.

பூங்காவின் நடுவில், புல்லை வழித்தெடுத்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசல் எது, சுவர் எது என்று தெரியவில்லை. வழிகாட்டியாக முன்னால் போன அண்ணனே நெற்றியை இடித்துக்கொண்டான். உள்ளே அறை அறையாக இருட்டு. சாமானுக்கு ஒரு விளக்கு. ஒரு பெரிய அறை முழுக்க ஒரே ஒரு துடைப்பம். அடுத்த அறையில் ஒரு வாளி. வாளிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தத்தை எங்கோ ஒளித்துவைத்த ஒலிபெருக்கி எழுப்பிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டுக் குழாய மாசக்கணக்கா சரி பண்ணாம வச்சிருக்கோமே, அதயும் குடுத்திருக்கலாம்ல?" என்றார் அப்பா.

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனக்குத்தான் ரசனை போதவில்லையோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போய்த் துடைப்பத்தை இன்னொரு முறை பார்த்தாள். துடைப்பம்தான்.

ஸ்டூல் கடைசி அறையில், இடுப்புயர மேடைமேல் இருந்தது. அப்பா நேரே போய் அதன் காலைப் பிடித்தார். கீச்சென்று மணி அலறியது. கறுப்புக் கோட்டு போட்ட காப்பாளர் பெண் ஓடிவந்தாள்.

"ஐயா, கையுறை போடாம தொடக்கூடாது! கை எண்ணெய் பட்டா மரம் கெட்டுடும்."

"இத்தன வருஷமா இது மேல என் கையாம்மா பட்டுது?"

அந்தப் பெண் விழித்தாள். "இது... உங்களோடதா?" என்று கேட்டு, மேடையில் ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்தாள். அண்ணன் கூரையை ஆராயத் தொடங்கினான்.

"என்ன போட்டிருக்கு? எனக்கு இன்னும் கண்ணு தெளியல. படி" என்றார் அப்பா.

கொடையளித்தவர் என்ற இடத்தில் அண்ணனின் முழுப் பெயர், பட்டம், ஆபீஸ் பதவி எல்லாம் இருந்தன. சின்னவள் படித்துக்கொண்டே வந்து அடுத்த வரியில் தயங்கினாள். பிறகு படித்தாள். "பயன்படுத்தியவர்: அறியப்படவில்லை."

"இன்னொரு தடவ."

படித்தாள்.

"ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வந்து பாப்பாங்கப்பா" என்றான் அண்ணன். "அதான்..."

காப்பாளர் பெண் இடையில் புகுந்தாள். "திரும்ப வேணும்னா மனு குடுங்கய்யா, குழு கூடி முடிவு பண்ணும். இல்லன்னா உங்க பேரச் சேத்துடறோம். உங்க குரலயும் பதிவு பண்ணி இங்க ஓட விடலாம்."

"அந்த வாளிக்குப் பக்கத்துல நானும் சொட்டணுமா? வேணாம்மா." அப்பா ஸ்டூலின் காலை விட்டார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வீட்டுல சாப்பாட்டு மேசைக்கு எத்தன நாற்காலி?"

"ஆறு. தேக்கு."

"ஒண்ண எடுத்துக்கறேன்."

"அது செட்டுப்பா!"

"யாருன்னே தெரியாத ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான்னு எழுதி ஒட்டிக்க."

கோணிப்பை நாற்காலிக்குப் போதவில்லை. அண்ணன் வீட்டுப் படிகளில் சின்னவள்தான் அதைத் தலையில் வைத்து இறக்கினாள். அண்ணன் கதவோரம் நின்று, சுவரில் இடிக்காமல் போகும்படி மட்டும் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்:

நாளை: எதிர்த்த கடைத் தச்சரிடம் ரம்பம் இரவல் வாங்குவது. நாற்காலியின் நாலு கால்களையும் பழைய ஸ்டூல் உயரத்துக்கு அறுப்பது. முதுகுச் சாய்வையும் எடுக்க வேண்டுமா என்று முதலில் அப்பாவிடம் கேட்டுக்கொள்வது.