சிவப்பு மூடி

லினோ எலியின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். காது மஞ்சள், வாலும் மஞ்சள். கீழ்வரிசைக் கூண்டு எலிகள் எல்லாம் அப்படித்தான். ஈரலைக் கெடுக்கிற திரவத்தை முதலில் எல்லா எலிக்கும் ஊசியில் ஏற்றுவார்கள். பிறகு மேல்வரிசைக்கு மட்டும் புது மருந்து. கீழ்வரிசைக்கு ஒன்றும் கிடையாது, அதுகள் கெட்டது கெட்டபடி கிடக்கும். இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அங்கே ஆராய்ச்சி. மேல்வரிசை எலிகளின் ரத்தம் பிடித்து வைக்கிற சின்னக் குழாய்க்கு நீல மூடி. கீழ்வரிசைக்குச் சிவப்பு.

"உன் மஞ்சள் மகாராணிகளுக்குத் தண்ணி வெச்சியாடா?" என்றாள் சிரிலா. கண்ணாடிப் புட்டி கழுவுகிறவள். அவள் வாய்க்கு லிமா நகரத்தில் பாதிப் பேர் பயப்படுவார்கள்.

லினோ எலியைக் கூண்டில் விட்டான்.

"என்ன, பொண்டாட்டி வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாளா?"

"மிலுஸ்கா கண்ணு மஞ்சளா இருக்குக்கா. இந்த எலிக் காது மாதிரியே."

சிரிலா தண்ணீர்க் குழாயை மூடினாள். மிலுஸ்கா அவன் மகள், ஆறு வயசு.

கிறிஸ்துமஸுக்கு மற்ற இடங்களில் வேலைக்காரர்களுக்குப் பழரொட்டி கொடுப்பார்கள். இந்த ஆய்வுக்கூடத்தில் காலி பீப்பாய் கொடுப்பார்கள். கழிவுத் திரவம் சேர்த்து வைக்கிற நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். கிடங்குக்காரர் பாச்சேகோ பேர் எழுதிய சீட்டைத் தன் தொப்பியில் போட்டுக் குலுக்குவார். மலைச்சரிவில் வீடு கட்டியவனுக்குக் குழாய்த் தண்ணீர் ஏது? லாரி வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. பீப்பாய்க்கு அவ்வளவு போட்டி.

போன கிறிஸ்துமஸில் லினோவுக்கு விழுந்தது. தோளில் வைத்துக்கொண்டு படியேறினான். சோப்புப் போட்டுத் தேய்த்தான், எலுமிச்சை போட்டுத் தேய்த்தான், வெயிலில் கவிழ்த்து வைத்தான். அவன் மனைவி யூலிசா உள்ளே தலையை விட்டு முகர்ந்தாள்.

"இனிப்பா ஒரு வாசம் வருதே."

"பிளாஸ்டிக்குன்னா அப்படித்தான் வரும். எடுத்து வை."

பகலெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தாகம் எடுத்தால் குழந்தை குவளையை விட்டு மொண்டு அப்படியே குடிக்கும். கொதிக்க வைக்க யார் இருக்கிறார்கள்?

அரசு ஆஸ்பத்திரியில், ஈரல் டாக்டரைப் பார்க்கக் குளிர்காலம் முடிந்து வா என்றார்கள். அதனால் லினோ பிள்ளையை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டி வந்தான். எலி ஆராய்ச்சி நடத்துகிற சலாசார் டாக்டரம்மா தன் கையாலேயே ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். முடிவைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"வீட்டுல தண்ணி எதுல புடிச்சு வைக்கிறீங்க லினோ?"

"நீங்க குடுத்த பீப்பாய்லதான், டாக்டரம்மா."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கே கொட்டிடு," என்றாள்.

மறுநாள் ஆய்வுக்கூட இயக்குநர் லினோவைக் கூப்பிட்டார். பாச்சேகோவும் அங்கே இருந்தார்.

"பீப்பாய் யாருக்கும் குடுக்கறது இல்லப்பா. அழிச்சிடறோம். அதான் விதி. நீயாத்தான் எடுத்துட்டுப் போயிருக்கணும்," என்றார் இயக்குநர்.

"சார், சீட்டுக் குலுக்கிக் குடுத்தாரே. எல்லாரும் கை தட்டுனாங்களே. பாச்சேகோ, சொல்லுங்க."

பாச்சேகோ சன்னலைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்லப்பா."

"நான் எடுத்தேன்னு ஒத்துக்க," என்றார் இயக்குநர். "உன் வேலை இருக்கும். புள்ளைக்கு வாராவாரம் ரத்தம் பார்க்கறதும் இங்கயே, காசு வேண்டாம். வெளிய பார்த்தா உன் சம்பளம் தாங்குமா?"

லினோ தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தான். அதில் எலித் தீனியின் தூள் ஒட்டியிருந்தது.

"நான்தான் எடுத்தேன் சார்."

"சரி. திருடுனேன்னெல்லாம் சொல்ல வேண்டாம். எடுத்தேன்னா போதும்."

ஐந்தாவது வாரமாக அந்த வியாழக்கிழமையும் மிலுஸ்காவைக் கூட்டி வந்தான். உயரமான முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஊசியைப் பிரிக்கும்போது லினோ கேட்டுவிட்டான்.

"டாக்டரம்மா, அந்த மேல்வரிசை மருந்து… எம்புள்ளைக்குக் கொஞ்சம்…"

"அது எலிக்கு, லினோ. மனுஷங்களுக்குக் குடுக்க அனுமதி வர வருஷக்கணக்காகும். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"ஆனதுக்கே ஒருத்தரையும் காணோம், இனிமே ஆகப்போறதுக்குப் பதில் தேடறாங்க," என்றாள் சிரிலா தொட்டியைப் பார்த்தபடி.

"சிரிலா, புட்டியைக் கழுவு."

"கழுவிட்டுத்தான் இருக்கேன். எல்லாத்தையும் நான்தானே கழுவறேன்."

லினோ மேல்வரிசையிலிருந்து ஒரு எலியை எடுத்தான். அதற்கு மருந்து கொடுக்கிற நேரம். தொண்டைக்குள் குழாயை இறக்கி, அளந்த மருந்தை மெல்ல அழுத்தினான். எலி உதறிக்கொண்டது. குழந்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு மட்டும் ஏன் காது ரோஸா இருக்கு?"

"அது மருந்து குடிக்குது."

"எனக்கு?"

"பேசாம கையை நீட்டு."

குழந்தை கையை நீட்டினாள். ஊசி ஏறியபோது அழவில்லை. பழகியிருந்தாள். டாக்டரம்மா குழாயை நிரப்பினாள். மூடிப் பெட்டி இரண்டும் பக்கத்தில் இருந்தன. தேட வேண்டியிருக்கவில்லை. கை நேராகச் சிவப்புப் பெட்டிக்குப் போனது. அழுத்தி மூடி, தட்டின் கீழ்வரிசைக் கடைசியில், எலிகளின் குழாய்களுக்குப் பக்கத்தில் செருகினாள்.

"சரி லினோ, கொண்டுபோய் வை."

அவன் எலியைக் கூண்டில் விட்டான். கையைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தூக்கினான். மற்றக் குழாய்கள் குளிர்ந்திருந்தன. கடைசிக் குழாய் மட்டும் அவன் விரலில் சுட்டது.