அவன் கோவிச்சுக்க மாட்டான்

தேன்வாய் பேச ஆரம்பித்தாலே எனக்குக் குமட்டும். மின்விசிறிக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் அந்த ஆள். எங்கள் பட்டறை அவர்களுக்கு இறக்கை வெட்டிக் கொடுக்கிறது. அடுத்த பட்டறையில் என் கொழுந்தன் அதே இறக்கைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு, "நாம எல்லாம் பார்ட்னர்ஸ்" என்று கூசாமல் சொல்வார். தேன்வாய் என்ற பெயர் கொழுந்தன் வைத்தது.

இந்த முறை கூட்டத்துக்கு ஒரு பேராசிரியரைப் பிடித்து வந்திருந்தார். நிறுவனங்களுக்கு இடையே உறவு எப்படி இருக்க வேண்டும் என்று வகுப்பு. ஒரு கம்பெனி ஒரே ஆளை நம்பிக் கிடந்தால் அதன் குடுமி அந்த ஆள் கையில் போய்விடுமாம், அதனால் எப்போதும் மாற்று ஆள் வேண்டுமாம். நம்பிக்கை இருந்தால் கண்காணிக்கிற செலவு மிச்சமாம். கூடவே நின்று பார்க்க முடியாதவர்களை ஒருவரை ஒருவர் கண்காணிக்க வைத்துவிடலாமாம். எங்கள் குடுமி மொத்தமும் உங்கள் கையில் கிடக்கிறதே, அதற்கு என்ன கோட்பாடு என்று கேட்க வாய் வரை வந்தது. என் கணவர் முழங்கையால் இடித்தார். விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பட்டறைக்காரரும் மற்ற பட்டறைகளுக்கு ஐந்துக்கு இத்தனை என்று போனில் மார்க் போட வேண்டும். யார் போட்டது என்று வெளியே தெரியாது. கடைசியாக வருகிறவருக்கு இனி ஆர்டர் கிடையாது. தூ, இதற்குப் பெயர் உறவு.

கை கழுவுகிற இடத்தில் கொழுந்தன் எல்லோரையும் மடக்கினான். "எல்லாரும் எல்லாருக்கும் அஞ்சு போட்டுடுவோம். எல்லாருமே முதல் ஆளுன்னா யாரைத் தூக்குவாங்க?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்பிரிங் செய்கிறவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் கணவர், "சரிடா, அப்படியே செஞ்சிடலாம்" என்றார்.

திரையில் கடைசிப் பெயர் கொழுந்தனுடையது.

"பர்சனலா எடுத்துக்காதீங்க. இது உங்க நண்பர்களோட கருத்து" என்றார் தேன்வாய். அத்தோடு விடவில்லை. இத்தனை வருஷம் உழைத்ததற்காக அவனுக்குக் கைதட்டச் சொன்னார். வெட்கங்கெட்டவர்கள், தட்டினார்கள்.

வண்டியில் திரும்பும்போது, "எந்தப் பாவி கவுத்தான்னு தெரியலையே" என்று புலம்பினேன். சிக்னலில் நின்றபோது கணவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் அவனுக்கு ரெண்டு போட்டேன்."

"உங்க தம்பிக்கா?"

"சொன்னபடி எவனும் போட மாட்டான்னு தெரியும். யாராவது ஒருத்தர் கீழ போய்த்தான் ஆகணும். வெளியாளுக்குப் போட்டா நாளைக்குப் பகை. இவன் நம்ம ஆளு. கோவிச்சுக்க மாட்டான்."

மற்றவர்களும் இதையே நினைத்திருப்பார்கள். எளிதில் சிரிக்கிறவன், மறந்துவிடுகிறவன் என்று பார்த்துத்தான் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வண்டியில் அவர் முதுகு என்மேல் படாமல் தள்ளி உட்கார்ந்தேன். வீடு வரும்வரை எனக்கு அருவருப்பாகவே இருந்தது.

அடுத்த வாரமே பெயிண்ட் வேலையும் எங்களுக்கு என்று தேன்வாய் போன் செய்தார். கணவர் உடனே சரி என்றார். பெயிண்ட் அடிக்கக் கம்ப்ரசர் வேண்டும், கொஞ்சமும் யோசிக்காமல் தம்பியுடையதைக் கேட்டார். அந்த மடையனும் சரி என்றான்.

அதை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார்கள். கொழுந்தன் மூச்சு வாங்க என்னிடம் பேசினான். "வேலை வேற எவனுக்கும் போகாம அண்ணன்கிட்டயே வந்துதே அண்ணி, அதுவரைக்கும் சந்தோஷம். எல்லாம் அந்த ஸ்பிரிங்காரன் வேலை. கூடவே இருந்து குழி பறிச்சுட்டான். இதை இறக்கிட்டு நேரா அவன் பட்டறைக்குப் போய் சட்டையைப் பிடிக்கிறேன்."

"ஆமாடா, அவன் ஒரு மாதிரி ஆளுதான்" என்றார் என் கணவர்.

அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, உனக்கு ரெண்டு போட்டது உங்க அண்ணன்" என்றேன்.

"ஏய், வாயை மூடு" என்றார் அவர். பொய் என்று சொல்லவில்லை. கொழுந்தன் அதைத்தான் கவனித்தான். அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கம்ப்ரசர் இன்னும் இருவர் கையிலும் இருந்தது. ஒருவர் முதலில் விட்டால் அடுத்தவர் காலில் விழும்.

"மெதுவா இறக்குண்ணே. கால் பத்திரம்" என்றான்.

இறக்கினார்கள். நடுத்தெருவில் கம்ப்ரசரை விட்டுவிட்டு, அவன் போய்த் தன் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினான். என் கணவர் கம்ப்ரசரின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி, "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி" என்று என்னைக் கூப்பிட்டார்.