சிவப்புத் துணி கட்டிய நாலு குச்சிகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு இருந்தது என்று சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் சிரிக்கிறார்கள். பெரிய காடெல்லாம் இல்லை. முள்ளும் புல்லும் மண்டிய மேடு, நடுவில் ஒரு குட்டை. அங்கே முயல் இருந்தது, கீரி இருந்தது, விடிந்தால் கௌதாரி கூப்பிடும். மனைப்பிரிவு போட்டவர்கள் மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு, முயல் தெரு, கௌதாரி தெரு என்று பலகை நட்டார்கள். விரட்டியதும் இல்லாமல் கிண்டல் வேறு.

மிச்சம் இருந்தது ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவி. ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும், அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் மதிலிலிருந்து இருபது அடியில், வெறும் தரையில், சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல்லைப் போட்டுவிட்டு நாலு முட்டை இட்டிருந்தது. கூடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அப்படியொரு சோம்பேறிக் கூடு. ஆனால் வெயில் ஏறினால் ஒன்று குட்டையில் மிச்சமிருந்த தண்ணீருக்கு ஓடும், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அப்புறம் மற்றது போகும். யூனிஃபார்ம் கம்பெனியில் வாரம் முழுக்கக் காலர் தைக்கிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் அதைப் பார்ப்பதுதான் ஒரே சந்தோஷம்.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் குருவியைக் கண்டாலே ஆகாது. அவருக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். பகலில் அவர் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து அது கத்தும்.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்பார்.

"அப்ப நீங்க பெட்டியைக் கட்டுங்க" என்பேன். பாதி விளையாட்டு, பாதி இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோதும் இதே மாதிரி நாலு முட்டை கிடந்தது. மேஸ்திரியின் கையைப் பிடிக்காத குறையாக, "ரெண்டு வாரம் பொறுங்க" என்று கெஞ்சியது அவர்தான். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன எரிச்சலில் இருந்தேன் நான். "முட்டைதானே, வேற எடத்துல போட்டுக்கும். நீங்க தோண்டுங்க" என்றேன். சாயங்காலம் வரை இரண்டு பறவையும் கடப்பாரைக்காரர்களின் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு நன்றாகப் பசித்தது.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்த நாலு முட்டைக்காக அலைந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் கோடு போட்டு எண்ணினேன். இன்னும் ஒரு வாரம் போனால் குஞ்சு வெளியே வந்துவிடும். வந்த அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் கவலையில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்மனையில் மண் அடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. சூப்பர்வைசரைப் போய்ப் பிடித்தேன்.

"ஒரு வாரம் தள்ளிப்போடுங்க தம்பி."

"லோடு சொல்லியாச்சுக்கா. வேணும்னா அந்த எடத்தை மட்டும் விட்டுட்டுக் கொட்டச் சொல்றேன். ஏதாவது அடையாளம் வச்சிருங்க."

"மறந்துட மாட்டீங்களே?"

"உங்க வாய்க்குப் பயந்தாவது ஞாபகம் வச்சுக்கறேன்."

கம்பெனியிலிருந்து சிவப்புத் துணிக் கழிவை எடுத்துவந்து, முட்டையைச் சுற்றி நாலு குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் கட்டினேன். குருவி என் தலையை உரசிக்கொண்டு பறந்தது. "உன் நல்லதுக்குத்தான்டி, கத்தாதே" என்றேன். மறுநாள் காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே "சரி சரி" என்றார். நான் வேலைக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் தெருமுனையிலேயே கத்தல் கேட்டது. ஓடினேன். பின்மனை முழுக்க அப்படியே வெறுமையாகக் கிடந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் மண், என் உயரத்துக்கு. அடியில் சிவப்புத் துணியின் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. டிப்பர் டிரைவர் வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அங்க கொட்டக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லலையா?"

"அவரு இன்னிக்கு லீவும்மா. சிவப்புத் துணி கட்டியிருந்தா அங்க கொட்டுன்னுதான் எங்களுக்குக் கணக்கு. குருவி ரெண்டும் வண்டி முன்னாடியே வந்து விழுந்துச்சா, எனக்கே சந்தேகமாயிடுச்சு. உங்க வீட்டு சார் மாடியில நின்னாரு. இங்கதானே சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

டிரைவர் ஈரக் கையை உதறிவிட்டு, ஆள்காட்டி விரலை நீட்டினார். "வாயே திறக்கல. இப்படிக் காட்டினாரு. அவரு காட்டின எடத்துலயே கொட்டிட்டேன், ஒரு அடி தள்ளல" என்றார். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார் பாவம்.

கையாலேயே மண்ணைப் பறித்தேன். பறிக்கப் பறிக்க மேலிருந்து சரிந்தது. குருவிகள் என்னைப் பார்த்துத்தான் கத்தின.

உள்ளே அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பினேன்.

"ஏங்க அப்படிப் பண்ணுனீங்க? தெரிஞ்சேதானே பண்ணுனீங்க?"

என் கையிலிருந்த மண் போர்வையில் உதிர்ந்தது. அதை மெதுவாகத் தட்டிவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. ஐந்து வருஷமாக என் வார்த்தையைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

"முட்டைதானே" என்றார். "வேற எடத்துல போட்டுக்கும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வெளியே இரண்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலும் அவருக்கு உடனே தூக்கம் வந்துவிட்டது.