ஊத்தை

வாய்க்குள் சுழற்றிய வைனை ரதி தொட்டிக்குள் துப்பினாள். பாத்திரம் துடைத்து மூலையில் எறிந்து மறந்துபோன ஈரத்துணியின் நாற்றம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஊத்தை அண்ணை.”

பக்கத்தில் துப்பி முடித்த, வைன் செய்யும் கிளிபோட் சோக்கட்டியை எடுத்து, பீப்பாயில் ஆங்கில எழுத்துகளில் ஊத்தை என்று எழுதினார். இந்த வைன் ஆலையை நயாகராவில் ஒரு குடும்பம் நடத்திய காலத்திலேயே வந்த பழக்கம். பீப்பாய் உருட்டும் வெள்ளைக்காரர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். எழுதினால் அது சாக்கடைக்குப் போகும். கிளிபோட்டின் கையெழுத்து அச்சிட்ட போத்தலுக்குள் போகாது. பெரிய கம்பெனி ஒன்று ஆலையை வாங்கிப் பீப்பாய்களை ஸ்காபரோக் கிடங்கில் இறக்கியபோது, “உங்கட ரெண்டு நாக்கும்தான் எங்கட தரம்” என்று சொன்னவன், கம்பெனி அனுப்பிய மனேஜர் ராகுலன்.

இன்று அவன் சிரித்துக்கொண்டு வந்தான்.

“கீழை ஊத்தாதேங்கோ அண்ணை. ஹெட் ஒஃபிஸுக்கு அந்தச் சொல்லிலை பெரிய விருப்பம். புது வைனுக்கு அதுதான் பேர். வனிலாவும் சீனியும் சேத்தா மணம் தெரியாது.”

“கருத்து என்னெண்டு சொன்னனீரோ?” என்றாள் ரதி.

“மண் வாசம் எண்டு சொன்னனான்.”

“தமிழ்ச் சனம் பாத்தா?”

“சிரிச்சுக்கொண்டு ரெண்டு போத்தல் கூட வாங்கும் அக்கா.”

அவன் போனபின் ரதி கிளிபோட்டிடம் திரும்பினாள். “உங்கட கையெழுத்தோடை வரப்போகுது அண்ணை.”

“வராது பிள்ளை. வெளியீட்டிலை எல்லாருக்கும் முன்னாலை துப்பிறன், பாரும்.”

வெளியீட்டு மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் வாசனை பூசி நின்றார்கள். சுவர் முழுக்க ஊத்தை, பொன் எழுத்தில். கிளிபோட் ஒரு வாய் எடுத்தார். சுழற்றினார். அவர் கன்னம் அசைவதையே ரதி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

“பியூட்டிஃபுல்,” என்றார். கைதட்டினார்கள். அவர் கிளாசை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“இப்ப எங்கட லாபரட்டரி சீஃப்,” என்று ராகுலன் ரதியிடம் ஒரு கிளாசைத் தந்தான். முதலில் வனிலா, மலிவான கேக் மாதிரி. அதற்குப் பின்னால், போகாமல், அந்த ஈரத்துணி. துப்பும் கலத்தைத் தேடித் திரும்பினாள். மேசையோரம் இருந்த அதற்குள் வெள்ளை லில்லிப் பூக்கள் நெருக்கிச் செருகப்பட்டிருந்தன.

வாய் நிறைந்திருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள், கிளிபோட்டைத் தவிர. அவர் பொன் எழுத்துகளைப் பார்த்தபடியே, அடியில் சிவப்பு வண்டல் ஒட்டிய தன் வெறுங் கிளாசை மெல்ல அவள் வாய்ப் பக்கம் நீட்டினார்.