டெய்ரி ஃபார்மில் எனக்கு இரண்டு மகன்கள்

எனக்குப் பிள்ளை கிடையாது. என் பெண்சாதி மருதாயிக்கு ஒன்றும் தங்கவில்லை. அவளையும் கச்சால் தீவில் சுனாமித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரில் ஒருத்தரும் நம்பவில்லை.

கண் ஆபரேஷனுக்குக் கப்பலேறி வந்தேன். இடது கண் போய்விட்டது, வலதும் மங்குகிறது. இன்று நாளை என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தால் காவலாளி எழுப்பிவிடுவான். அங்கே டீக்கடையில்தான் ராமநாதபுரத்து ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். உதயசூரியன் வயரிங் வேலை, ஸ்ரீதர் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவர்களும் ரூம் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேராகச் சேர்ந்து எடுக்கலாம் என்றார்கள். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. சிலோனிலிருந்து கப்பல் ஏற்றும்போதும் வீடு தருகிறோம் என்றார்கள். ஒரு தோட்டத்து லயத்தை விட்டு கச்சாலில் இன்னொரு தோட்டத்து லயத்துக்குத்தான் வந்தோம். ஆனால் முதுகு விட்டுப்போயிருந்தது. சரி என்றேன்.

டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையின் மேடெல்லாம் ஏறி இறங்கினோம். எந்த வாசலிலும் "ஃபேமிலி ஹை?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் கதவு சாத்தியாயிற்று. ஐந்தாவது வீடு சொர்ணம்மாவுடையது. கீழே அவள் இருந்தாள், மேலே ஒரு ரூமும் அடுப்படியும். இங்கேயே பிறந்தவள், பாதிப் பேச்சு ஹிந்தி.

"பேச்சலருக்கு நஹி. ஃபேமிலின்னா போலோ."

உதயசூரியன் என் தோளில் கையைப் போட்டான். "ஃபேமிலிதான்க்கா. இது எங்க அப்பா. நாங்க அண்ணன் தம்பி."

நானும் தலையாட்டினேன். படுக்க இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"அப்பா சிலோன்காரர் மாதிரி பேசுறார், நீங்க வேற மாதிரி?" என்றாள்.

"அம்மா ஊருல வளர்ந்தோம்க்கா."

குடிவருகிறவர்களைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய ஃபாரத்தை, அப்பா, இரண்டு மகன்கள் என்று அவளே ஹிந்தியில் நிரப்பினாள். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். காட்டிய இடத்தில் ரேகை வைத்தேன்.

பையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பேன். ஸ்ரீதருக்கு அது வேடிக்கை.

"என்ன அப்பாரே, பைக்குள்ள தங்கமா?"

"ஒங்கப்பன் தலை இருக்கு."

"எங்கப்பன் தலை பைக்கு மேலதான இருக்கு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் வினை வந்தது. கச்சாலில் நாலு வருஷமாகத் தகரக் கொட்டகையில் கிடந்த எங்களுக்குப் புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். பட்டியலில் என் பேரும் இருந்தது. கொட்டகையில் ஆள் இல்லையே என்று விசாரிக்க, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசர் ஒருவர் போலீஸில் கொடுத்த விலாசத்தைப் பார்த்து மாடியேறி வந்தார். கூடவே சொர்ணம்மா, கையில் அந்த ஃபாரத்தின் நகலோடு.

"ரெண்டு மகனோட டவுன்ல குடியிருக்கீங்க. உங்களுக்கு அங்க வீடு எதுக்கு? பிள்ளைகளோட வேற எடத்துல இருக்கிறவங்களுக்கு வீடு கிடையாது," என்றார்.

"மகனும் இல்ல மசிரும் இல்லைங்கையா. ரூமுக்காகச் சொன்ன பொய்," என்றேன்.

உதயசூரியன் சோறு தின்ன வந்திருந்தான். தட்டை வைத்துவிட்டு எழுந்தான். "அப்பா, கோபம்னா நமக்குள்ள பேசிக்கலாம்ல. ஆபீசர் முன்னால எதுக்கு இப்படி?"

அவன் முகத்தைப் பார்த்தால் நானே நம்பியிருப்பேன். சொர்ணம்மாவும் அவனைத்தான் நம்பினாள். ஆபீசர் சிரித்தார்.

"வீட்டுக்காகப் பிள்ளையை இல்லேங்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க, பெரியவரே. இவங்க மகன் இல்லைன்னு வீட்டுக்காரம்மா எழுதித் தரட்டும். புதன்கிழமைக்குள்ள வேணும்."

அவரும் சொர்ணம்மாவும் கீழே போனதும் உதயசூரியன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா, என் வீட்டைத் தின்னுட்டியேடா!"

"சொர்ணம்மாக்கா உண்மையை நம்பிட்டா நாங்க ரோட்டுல. நீங்களுந்தான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு தேதி கொடுத்துட்டாங்கள்ல? கண்ணைக் கட்டிக்கிட்டு எங்க போய்ப் படுப்பீங்க?"

அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த ரூமுக்குள்ளேயே நடந்தேன். வாயைத் திறந்தால் படுக்க இடம் போகும். மூடினால் வீடு போகும். புதன் காலையில் கீழே இறங்கினேன். சொர்ணம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்னா வயசுல பொய்யா, தாத்தா? எழுதித் தர்றேன். ஆனா கையெழுத்துப் போட்ட உடனே மூணு பேரும் காலி. சமஜ்கயா, புரிஞ்சுதா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுதும்மா," என்றேன்.

கையைக் கழுவிவிட்டு எழுதிக் கொடுத்தாள். அதுவும் ஹிந்திதான். ஹிந்தி படிக்கத் தெரிந்த ஸ்ரீதரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கு," என்றான். நான் அதையும் நம்பவில்லை. உதயசூரியன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வயர் சுருள்களை மூட்டை கட்டினான். இருவரும் சிப்பிகாட் பக்கம் ரூம் பார்க்கப் போனார்கள். அங்கே யாரை அப்பா ஆக்கினார்களோ தெரியாது.

காகிதத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ஆபீசர் அதைப் படிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டியலில் ஏதோ திருத்தினார்.

"பேர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்க சாவி கொடுக்கிறாங்க. ஆள் நேர்ல இருக்கணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன்ங்கையா."

"அதுக்கு நான் என்ன செய்யறது? கப்பல் நாளைக்கு, வியாழக்கிழமை. அதை விட்டா அடுத்த வாரம்தான்."

டிக்கெட் கவுண்டரில் கூட்டம். வரிசையில் நின்றேன். முன்னால் நிற்பவன் சட்டைக் கோடு வலது கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

"எங்க போகணும்?" என்றான் கவுண்டர்காரன்.

"கச்சால். நாளைக் கப்பல். ஒரு ஆளு."