பதில் வராத பெட்டி

நூலகத்தின் அரிய ஆவண அறையில் இருந்த பழைய கடிதங்களுக்கு, அந்த ஆண்டு மழை ஓய்ந்த வாரத்திலிருந்து பதில் வரத் தொடங்கியது. எண்பது வருடத்துக்கு முன் ஒரு மருந்துக்கடைக்காரர் தன் அத்தைக்கு, காய்ச்சல் விட்டதா என்று கேட்டு எழுதியிருந்தார். ஒரு காலையில் அறையைத் திறந்தபோது, அந்தக் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு, அத்தையின் கையெழுத்தில், ‘விட்டது, பசி மட்டும் விடவில்லை’ என்று இருந்தது. அட்டவணைக்காரம்மா அதற்கு ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதி, உறையிலிட்டு அடுக்கினாள். இருபத்தாறு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தவள். கரையான், ஒழுகல், அமைச்சர் வருகை மூன்றையும் பார்த்தவளுக்கு இது பெரிய விஷயமில்லை. கேள்வி கேட்டவர்களும் பதில் எழுதியவர்களும் செத்துப்போனவர்கள் என்பதால், கையெழுத்தைச் சரிபார்ப்பது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இதைக் கேள்விப்பட்ட அன்றே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த அறைக்குள் தேக்குப்பெட்டியில் இருந்தவை அவருடைய தகப்பனாரான நீதிபதி எழுதிய நாற்பத்துமூன்று கடிதங்கள். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் கைப்பட நகல் எடுத்து வைத்த மனிதர் அவர். நகரத்தில் எந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு பெட்டி உண்டு? பித்தளைப் பூட்டு, உள்ளே வெல்வெட்டு. சர்வேயர் தானே அதைத் தோளில் சுமந்து வந்து ஒப்படைத்திருந்தார். அதற்கு ஒரு பதிலும் வரவில்லை.

பதில் வந்து குவிந்ததெல்லாம் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு. அது ஒரு தையற்காரருடையது. அவர் இறந்தபின் மனைவி கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே நாடக நோட்டீசுகள், ‘இன்று குளித்தீர்களா?’ என்று கேட்கும் சோப்பு உறைகள், அளவுச் சீட்டுகள், காணாமல்போன நாய்க்கு அச்சடித்த துண்டுத்தாள். ‘நாயைக் கண்டீர்களா?’ என்ற அந்தத் தாளுக்கு, ‘கண்டோம், உங்களைத்தான் காணோம்’ என்று பதில் வந்தது. ‘இடுப்பு சரியாக இருக்கிறதா?’ என்ற அளவுச் சீட்டுக்கு, ‘இப்போது இடுப்பே இல்லை, ஆனாலும் நன்றி’ என்று ஒரு பருத்த வியாபாரி எழுதியிருந்தார். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தையற்காரர் சர்வேயரின் கூடப்பிறந்த தம்பி. நீதிபதி வீட்டுப் பிள்ளை கத்தரிக்கோலும் கையுமாகக் கடைத்தெருவில் உட்காருவதா என்று தகப்பனார் அவரை வீட்டுப் படியேற விடவில்லை. சர்வேயரும் தகப்பனார் பக்கம்தான் நின்றார். நிற்காமல் இருக்க முடியாது, மூத்த மகன். ஆனால் அம்மா சாகும்வரை தம்பி தைத்த ரவிக்கையைத்தான் போட்டாள் என்பது அவர் நெஞ்சில் உடைந்த ஊசியாக இருந்தது. இப்போது காகிதம்கூட அவனைத்தான் தேடிப் போகிறது.

சர்வேயர் தினமும் வந்தார். டப்பாவுக்கு இன்று எத்தனை என்று கேட்பார், முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தேக்குப்பெட்டியை இறக்கி டப்பாவை ஒட்டி வைக்கச் சொன்னார். பூவோடு சேர்ந்த நாருக்கு மணம் வரும் என்று எண்ணியிருக்கலாம், யாரை நார் என்று நினைத்தார் என்பதை அவர் சொல்லவில்லை. பெட்டிக்கு ஒன்றும் வரவில்லை. டப்பாவுக்கு வந்த பதில்கள்தான் ஒரு வாரத்துக்கு ‘மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கின. பெட்டி பழைய தட்டுக்கே ஏற்றப்பட்டது.

“எங்கப்பா கடிதத்துல என்னம்மா குறை? அந்த இங்கிலீசு, அந்தக் கையெழுத்து... சோப்பு உறைக்குப் பதில் வருது, ஒரு நீதிபதிக்கு வராதா?”

“கோவிச்சுக்காதீங்க ஐயா. நாற்பத்துமூணையும் உக்காந்து படிச்சேன். உத்தரவு இருக்கு, கண்டிப்பு இருக்கு, புத்திமதி நிறைய இருக்கு. ஒண்ணுல கூட ஒரு கேள்வி இல்ல. யாரையும் எதுவும் கேக்காதவருக்கு யாரு பதில் எழுதுவா?”

சர்வேயர் கைத்தடியை இறுகப் பிடித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

“அந்த டப்பாவுல எல்லாத்துக்கும் வந்துருச்சாக்கும்?”

“ஒண்ணுக்கு மட்டும் வரல.”

“வரலையா!” என்றார் அவர். அந்த வயதில் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

“ஒட்டின உறை. முகவரிக்காரர்தான் பிரிக்கணும், நாங்க தொடக்கூடாது. அதுதான் எங்க விதி. அவர் நல்லாத்தான் இருக்கார், தினமும் இங்கதான் வர்றார். தானா கேக்கட்டும்னு இருந்தேன்.”

அவள் எடுத்து மேசைமேல் வைத்தாள். உறையில் அவர் பெயர். அதன் குறுக்கே, நாற்பத்தொரு வருடத்துக்கு முன் அவரே சிவப்பு மையில் எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தது: ‘பெற மறுக்கிறேன்.’ அளவுக்கோடு போட்டது போன்ற நேரான எழுத்து. பிரிக்கக்கூட இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்ததாகவே இத்தனை வருடமும் நம்பியிருந்தார்: சொத்தில் பங்கு.

பேனாக்கத்தியால் அவரே பிரித்தார். தம்பியின் கல்யாண அழைப்பிதழ். பின்பக்கம் பென்சிலில், கோணலாக: ‘அண்ணா, அப்பா வரமாட்டார், தெரியும். நீங்க மட்டும் வந்தா போதும். முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். யாரையும் உக்கார விடமாட்டேன். வருவீங்களா?’

அவர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

“இதப்பத்தி அவ எதாவது சொன்னாளா? அவன் பொண்டாட்டி?”

“டப்பாவ குடுக்கறப்போ சொன்னாங்க. ‘கல்யாணம் முடிஞ்சு பந்தலப் பிரிக்கிற வரைக்கும் அந்த ஒரு நாற்காலிய மடக்க விடலம்மா. அண்ணன் பஸ்ஸ தவறவிட்டிருப்பார்னு சொல்லிட்டே இருந்தார்’னு.”

சர்வேயர் அழைப்பிதழை மறுபடி உறையிலிட்டார். பிறகு ஒரு தாள் கேட்டு வாங்கினார். நீதிபதி மகன் எழுதினால் நான்கு பக்கம் எழுதுவான் என்று அட்டவணைக்காரம்மா நினைத்தாள். அவர் எழுதியது இரண்டு வரி. ‘வருகிறேன். இடம் இருக்கிறதா?’ நீதிபதியும் மூத்த மகனும் எழுதியதில் அதுதான் முதல் கேள்வி. அதைத் தேக்குப்பெட்டியில் வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம், டப்பாவிலேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை டப்பாவில் தாள் ஏதும் வரவில்லை. வாசிப்பறையின் முன்வரிசையில் ஒரு மடக்கு நாற்காலி அதிகமாக இருந்தது. பழைய மரம், முதுகில் வாடகைக் கடையின் எண், கைப்பிடியில் முடிச்சுப் போட்ட ஒரு துண்டு வெள்ளை நூல், யாரோ இடம் பிடித்து வைத்தது போல. அட்டவணைக்காரம்மா அதைச் சுற்றிவந்து அளந்து, பதிவேட்டில் ‘நாற்காலி, ஒன்று, பதில்’ என்று எழுதி எண் கொடுத்தாள். ஆவணங்களின்மேல் உட்காரக்கூடாது என்ற விதியை அன்று அவள் எடுத்துச் சொல்லவில்லை.

சர்வேயர் நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்து, உட்கார்ந்தார். இருக்கை சூடாக இருந்தது. அதற்குப் பின் அவர் வேறு எங்கும் உட்கார்ந்ததில்லை. முன்வரிசையில் யாராவது தெரியாமல் அந்த நாற்காலியை இழுத்தால், “அது ஆள் வர்ற இடம்” என்று மற்ற வாசகர்களே சொல்லிவிடுகிறார்கள்.